நிமிர்த்தி வைத்த பாட்டில்

1

பரமத்தி வேலூரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால், "பாவாயி பிரான்சுக்குப் போயி குடிக்கப் பழகிட்டாளாமா" என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிவார்கள். திரியட்டும். எழுபத்தொரு வயதில் ஒரே ஒரு வாய் குடித்தேன். அதுவும் கெட்டுப்போன ஒயின்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போர்தோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகன் செந்தில் வீட்டில் இருக்கிறேன். சரியாகச் சொன்னால் அது மகன் வீடும் அல்ல, அவனுடைய மாமனார் வீடு. மருமகள் கிளேர் இந்த ஊர்ப் பெண். அவளுடைய அப்பா ரெனே, எனக்குச் சம்பந்தி. எண்பத்திரண்டு வயது. சம்சாரம் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் மூக்கு மட்டும் இருபது வயசுக்காரன் மூக்கு. அடுப்பில் சீரகம் கருகுவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டைச் சுற்றித் திராட்சைத் தோட்டம். வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை. பதினாலு படி இறங்க வேண்டும். அங்கே உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது, ரெனேயின் ஒயின் பாட்டில்கள் இருக்கின்றன, என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருக்கிறார்.

அவர் செத்துப் பதிமூன்று வருஷம் ஆகிறது.

2

என் பேத்தி மீனா பிறந்த வருஷம் பிள்ளைப்பேறு பார்க்க நான் மட்டும் வந்துபோனேன். அந்த வருஷம் பறித்த திராட்சை மரப்பீப்பாயில் கிடந்து, பாட்டிலுக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தைக்கு மூன்று வயதில் நானும் அவரும் சேர்ந்து வந்தபோது ரெனே ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே ஆறு பாட்டில். பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை நிலவறையில் படுக்க வைத்து, பதினெட்டு ஆகும் அன்றைக்குத் திறப்பது இவர்கள் குடும்பத்து வழக்கம்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். போர்வெல் போட ராஜஸ்தான் வரைக்கும் போய் ஆறு மாசம் கழித்து வருவார். பூமிக்குள்ளிருந்து காற்றோடு மேலே வரும் மண்ணை உள்ளங்கையில் ஏந்தி, மோந்து பார்த்து, "இன்னும் நாப்பது அடி" என்பார். பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் சொல்கிற தோரணையில் தண்ணீரே வெட்கப்பட்டு வந்துவிடும்.

அந்த மூக்கும் இந்த மூக்கும் நிலவறையில் சந்தித்தன. ஒருத்தருக்கு மற்றவர் பாஷை ஒரு சொல் தெரியாது. ரெனே வேறொரு பழைய பாட்டிலைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி நீட்டினார். இவர் வாங்கின வேகத்துக்கு ஒரே மடக்கில் முடித்திருப்பார். ரெனே கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் மோந்து பார் என்று சைகை காட்டினார்.

இவர் மோந்தார். இன்னொரு தரம் மோந்தார்.

"டேய் செந்திலு, உங்க மாமனார்கிட்டச் சொல்லு. நூத்தம்பது அடியில ஈரம் தட்டறப்ப மேல வரும் பாரு ஒரு மண்ணு, அந்த வாசமுங்கன்னு சொல்லு."

செந்தில் சொன்னான். ரெனே என் வீட்டுக்காரரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதன் மேல் சுண்ணக்கட்டியால் இவர் பேரை அவர்கள் எழுத்தில் எழுதினார். பதினெட்டாம் பிறந்தநாளில் இது உனக்கு என்றார்.

"வாரேனுங்க. எங்கிருந்தாலும் வந்துருவேனுங்க" என்றார் இவர்.

"ஆமா, ஓசின்னா காசியிலிருந்தும் வந்துருவீங்க" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் நான் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் கெட்ட பழக்கம். அவருக்குக் குடி, எனக்குக் கேலி.

3

ஊரில் அவர் குடித்த விதத்தை ரெனே பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றபடியே, பிளாஸ்டிக் டம்ளரில் பிராந்தி. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். மோந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. மோந்தால் குடிக்க முடியாது என்பார்.

ஈரல் போய்விட்டது. எட்டு மாசம் கட்டிலில் படுத்தே கிடந்தார். முதுகில் புண். திருப்பிப் படுக்க வைப்பேன், பவுடர் போடுவேன், திட்டுவேன். கடைசி நாளன்று சாயங்காலம், அவருடைய பழைய லுங்கிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்த குவார்ட்டர் பாட்டில் என் கையில் சிக்கியது. அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரே ஒரு மூடி குடு பாவாயி. மூடியில ஊத்திக் குடு. போதும்."

டாக்டர் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் கண் முன்னாலேயே வாசல் தென்னை வேரில் அதைக் கவிழ்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"மூடியில என்னத்துக்குங்க? எமன் அண்டாவுல கொண்டு வருவான், மொண்டு குடிங்க."

கேலிதான். எப்போதும் பேசுகிற கேலி. எப்போதும் சிரிப்பார், அன்றைக்குச் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விடிந்ததும் பால் வாங்கப் போய்த் திரும்பி வந்தேன். அதே பக்கம் பார்த்தபடி இருந்தார்.

நான் அவரிடம் பேசின கடைசிப் பேச்சு அது. செந்தில் விமானம் பிடித்து வர இரண்டு நாள் ஆகிவிட்டது. "கடைசியா அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டான். "உன்னத்தான் கேட்டாரு" என்றேன். பொய்.

4

அந்த வருஷமே செந்தில் என்னை இங்கே கூட்டிவந்துவிட்டான். வந்த மூன்றாம் மாசம் ஆயுத பூஜை.

முப்பது வருஷம் ரிக் வண்டிக்குப் பூஜை போட்ட கை இது. ஸ்பேனரில் ஆரம்பித்து டிரில் ராடு வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். இங்கே என்ன இருக்கிறது? செந்திலின் லேப்டாப்பைக் கேட்டேன். "அம்மா, அது ஆபீசோடது, வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டான். ரெனேயின் கைத்தடிக்கு ஒரு பொட்டு வைத்தேன். மனசு ஆறவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன்.

ஆறு பாட்டிலும் வரிசையாகப் படுத்திருந்தன. சுண்ணக்கட்டி எழுதின பாட்டில் ஓரத்தில் இருந்தது. எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் யார் பேர் என்று தெரியுமே. தூசி படிந்து, நூலாம்படை கட்டி, அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது. எட்டு மாசம் படுத்துக் கிடந்த மனுஷன். இங்கேயுமா படுக்க வேண்டும்?

எடுத்துத் துடைத்தேன். சுண்ணக்கட்டி அழிந்து பேர் போய்விட்டது. லேபிளும் பாதி கையோடு வந்துவிட்டது. பதறிப்போய்ப் பேர் இருந்த இடத்தில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால், சுவர் ஓரமாக, நிமிர்த்தி நிறுத்தினேன்.

"எந்திரிச்சு உக்காருங்க. படுத்தது போதும்" என்றேன்.

படி ஏறும்போது பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமுகிற அதே செருமல்.

ஓடவில்லை. முட்டி வலி. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேலே வந்து செந்திலிடம் சொன்னேன். "தண்ணிக் குழாய்மா. சூடாறப்ப சத்தம் வரும்" என்றான். தண்ணிக் குழாய்க்கு உங்கப்பா பிடிக்கிற பீடி நாற்றம் எப்படி வரும் என்று கேட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். இவன் எனக்குப் பதில் சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வருகிறான். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் யோசித்து, யோசிக்கும்போதே களைத்துப் போய்விடுகிறான்.

அன்றிலிருந்து உருளைக்கிழங்கு எடுக்கப் போகும் போதெல்லாம் அவர் இருப்பார். வாரத்துக்கு மூன்று நாள். "ஏனுங்க, வெளிய மழைங்க, வேட்டியத் தூக்கிக் கட்டுங்க" என்பேன். "உங்க மகன் இன்னிக்குச் சோத்துல உப்பு இல்லீன்னு தட்ட நகத்திட்டானுங்க" என்பேன். ஒரு செருமல். அவ்வளவுதான். எதற்கும் சிரிப்பு வராது. அந்தக் கடைசி நாள் கோபம் இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். பதினெட்டாம் பிறந்தநாளில் அவர் பங்கை அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டால் ஆறும். அதற்காகத்தான் காத்திருந்தேன். சும்மா அல்ல, ஆறாமலே போய்விடுமோ என்று பயந்துகொண்டு காத்திருந்தேன்.

5

இடையில் ஒரு தரம் சர்க்கார் அலுவலகத்திலும் அவரைத் தேடினார்கள். இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். செந்திலுக்கு லீவு இல்லை. கிளேர் கொண்டுபோய் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போய்விட்டாள். எட்டு வயது மீனாதான் எனக்கு மொழிபெயர்ப்பு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் வீட்டுக்காரர் பேரைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்ந்தபோதே சொல்லாத பேரைச் செத்தபின் ஒரு வெள்ளைக்காரியிடமா சொல்வேன்? அவள் சந்தேகமாகப் பார்த்தாள். என்னை ஆத்தா, தாத்தாவை அப்பாரு என்று கூப்பிடுகிற மீனாதான் கடைசியில் சொன்னாள்.

அடுத்த கோளாறு. என் பாஸ்போர்ட்டில் அவர் பேர் ஒரு விதமாகவும், இறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டு எழுத்து வித்தியாசம்.

"ஆத்தா, செத்தது வேற ஆளாம். அப்பாரு செத்ததுக்குக் காகிதம் இல்லியாம். அப்பாரு இப்ப எங்க இருக்காருன்னு கேக்கறாங்க."

"ஊட்டுலதான் இருக்காருன்னு சொல்லு சாமி."

பாவம், குழந்தை அப்படியே சொல்லிவிட்டது. அவரை மறுபடி சாகடிக்க எனக்கு நாலு மாசமும் ஏழு கையெழுத்தும் ஆயிற்று. ஒவ்வொரு தரமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிலவறையில் மன்னிப்புக் கேட்டேன்.

6

ஒயின் சாஸ்திரத்தை ரெனே எனக்குச் சொல்லிக்கொடுத்தது சமையலறையில்தான். கிளேரிடம் சொல்லிச் சலித்துப்போய், வேறு ஆள் இல்லாமல் என்னிடம் வந்தார். மீனா பள்ளி விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வாள். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி, ரெனேயை அவள் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவாள். நான் பழக்கினது. பிரான்சிலேயே அப்புச்சி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரே வெள்ளைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

நல்ல சிவப்பு ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது. ஆட்டம் ஆகாது. சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. வருஷம் ஆக ஆக அதன் முரட்டுத்தனம் அடங்கும். இளசில் நாக்கைப் பிடித்து இழுக்கும், கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். முதிர்ந்தால் செங்கல் நிறத்துக்கு வந்து, பழவாசம் போய், தோல், புகையிலை, ஈர மண் என்று வேறு வாசமெல்லாம் வரும். ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கும். பிறகு ஆடாமல் திறந்து, கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி வைத்து, கசடு வருகிற வரைக்கும் வேறொரு கண்ணாடிக் குடுவைக்குள் மெதுவாக இறக்க வேண்டும்.

"பிள்ள பெத்தவளுக்குக்கூட இத்தன பத்தியம் பாத்ததில்லைங்க சம்பந்தி" என்றேன்.

காரம் அதற்கு எதிரி. எனக்கு அது தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நல்ல பாட்டில் ஒன்றுக்குப் பள்ளிபாளையம் சிக்கன் செய்து வைத்தேன். எண்ணிக்கொள்ளுங்கள், இருபது மிளகாய். ரெனே ஒரு துண்டு தின்று, ஒரு மடக்குக் குடித்து, கண்ணில் தண்ணீரோடு ஏதோ சொன்னார்.

"இரும்புக் கம்பியக் கடிச்சாப்பல இருக்குதாம் ஆத்தா" என்றாள் மீனா.

"அப்ப நம்ம ரிக்குக் கம்பெனிக்காரங்களுக்குப் புடிக்கும்னு சொல்லு."

ஆட்டுக்கறிதான் அதற்குப் பொருத்தம் என்றார். கொழுப்பு அதன் துவர்ப்பை அடக்குமாம்.

இன்னொரு நாள்தான் கேட்டேன். ஏன் பாட்டிலைப் படுக்கவே வைக்க வேண்டும்? ரெனே ஒரு தக்கையை எடுத்துக் காட்டினார். படுத்திருந்தால் ஒயின் தக்கையைத் தொட்டுக்கொண்டே இருக்கும், தக்கை ஈரமாக இருக்கும். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். காற்று உள்ளே போகும், ஒயின் ஆவியாகி வெளியே போகும். சில வருஷத்தில் புளித்துவிடும்.

அதற்குள் மூன்று வருஷம் நின்றிருந்தது அந்தப் பாட்டில். ரெனேயின் முழங்கால் கெட்ட பிறகு அவர் படி இறங்குவதே இல்லை. நான் ஒருத்திதான் போய்வருவது. யாருக்கும் தெரியாமல் படுக்க வைத்துவிடலாம் என்று இறங்கிப் போனேன். கழுத்தைப் பிடித்தேன். செருமல் கேட்டது.

எழுந்து உட்கார்ந்த மனுஷனை மறுபடி படுங்கள் என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டு, அரைக் கிலோ உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன். அப்படிப் பத்து வருஷம் ஓடிவிட்டது.

7

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ரெனே சொன்னார். இரண்டு பாட்டிலை மேலே கொண்டுவா. ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று என் வீட்டுக்காரர் பேர் எழுதினது.

மீனாவும் என்னோடு இறங்கினாள். வருகிற செப்டம்பரில் வடக்கே ஏதோ ஊருக்குப் படிக்கப் போகிறாள். பதினெட்டு ஆனால் இங்கே பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிவிடும். எனக்குத் தமிழ் பேச மிச்சம் இருந்த ஒரே வாயும் போகப்போகிறது.

"ஆத்தா, இது மட்டும் ஏன் நிக்குது?"

"உங்கப்பாருக்குப் படுத்துப் படுத்து முதுவு புண்ணாயிருச்சு சாமி."

"வெளையாடாத. எத்தன நாளா நிக்குது?"

"நீ ஒண்ணாவது போனீல்ல, அப்பத்துல இருந்து."

அவள் பாட்டிலைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "ஐயோ ஆத்தா. இது செத்திருக்கும்."

இவர்கள் கெட்டுப்போன ஒயினை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். தென்னை வேரில் கவிழ்த்ததை. ஒரு மூடி கேட்டதை. நான் பேசின அந்தக் கேலியை.

மீனா என் சேலைத் தலைப்பை எடுத்து, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தை விட்டுவிட்டு, பாட்டிலின் மற்ற இடத்தைத் துடைத்தாள்.

"அப்புச்சிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நாந்தான் பண்ணுனேன், நானே சொல்றேன். நீ பாஷைய மட்டும் மாத்து. கூடக் கொறையச் சேத்தாத."

சொன்னேன். ரெனே பாட்டிலைக் கையில் வாங்கினார். கழுத்து முழுக்கக் காலி. ஒயின் பாட்டிலின் தோள் வளைவுக்கு இறங்கியிருந்தது. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அவருக்கு வருத்தமாக இருந்தது. சந்தனப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"தெறந்து பாக்காம செத்துருச்சுன்னு சொல்லக் கூடாதாம்" என்றாள் மீனா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. ஆட்டுத் தொடையை நான் செய்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி விதை, சீரகம், நாலே நாலு மிளகு, நல்லெண்ணெய். மிளகாய் ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிளேர் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது நான் வைத்துக்கொடுத்த அதே பத்தியக் கறி. கூட அரிசியும் பருப்பும் சாதம், நெய் விட்டு.

முதல் பாட்டிலை ரெனே மெழுகுவத்தி வைத்து இறக்கினார். கை நடுங்கினாலும் ஒயின் நடுங்கவில்லை. செங்கல் சூளை நிறம். மீனா பிறந்த அன்றைக்குச் சாப்பிட்ட கறியும் அவள் பிறந்த வருஷத்து ஒயினும் அவள் அம்மாவின் வாயில் சேர்ந்தன. கிளேர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் அது ஒன்று.

மீனா மோந்து பார்த்தாள். "ஈர மண்ணு ஆத்தா."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவர் வரவில்லை.

பிறகு அந்தப் பாட்டில். திருகாணி இறங்கும்போதே தக்கை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பாதி உள்ளே விழுந்துவிட்டது. டீ வடிகட்டியில் வடித்தேன். குவளை நிரம்பும்போதே வாடை எழுந்தது. கிளேர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெனே மோந்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினார். செத்துவிட்டது.

செந்தில் குவளையை வாங்கினான். ஒரு தரம் மோந்தான். வைக்கவில்லை. மூக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றான். மாசக்கணக்கில் சாப்பாட்டு மேஜையில் தமிழ் பேசாத பையன் பேசினான்.

"அம்மா. அப்பா சட்டை."

எனக்கும் தெரிந்தது. புளித்த நாற்றம், வேர்வை, துருப்பிடித்த இரும்பு. ஆறு மாசம் கழித்து வந்து கொடியில் கழற்றிப் போடுகிற சட்டை. மேஜையில் மற்ற எல்லோருக்கும் செத்துப்போன ஒயின். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஆள் வந்துவிட்டார்.

அவன் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது.

"ஏனுங்க சம்பந்தி" என்றேன். "கழுத்து வரைக்கும் இருந்ததுங்களே, அது எங்கீங்க போச்சு?"

காய்ந்த தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருக்கும் என்றார். வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். யோசித்தார். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, மல்லாத்திக் காட்டினார்.

ஒரு மூடி.

மீனா என்னைப் பார்த்தாள். ரெனேயிடம் அவள் அதை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மூடி விஷயம் வேண்டாம் என்று நான்தான் நிறுத்தியிருந்தேன்.

ஒரு தட்டில் சாதமும் கறியும் வைத்து, பக்கத்தில் அந்தக் குவளையை வைத்து, ஜன்னல் ஓரத்தில் அவர் போட்டோவுக்கு முன்னால் படைத்தேன். தண்ணீர் சுற்றினேன். செந்தில் கும்பிட்டான். கிளேரும் ரெனேயும் அவனைப் பார்த்து அதே மாதிரி கும்பிட்டார்கள்.

"எமனுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாமுங்க" என்றேன். "நானே ஊத்தியிருக்கறேன். குடிங்க."

8

மீனா போய்விட்டாள். அவள் அறையில் இப்போது இஸ்திரிப் பலகை நிற்கிறது. செந்தில் இரண்டு வாரம் சாப்பிடும்போது தமிழில் பேசினான். பிறகு பழையபடி ஆகிவிட்டான். வேலை.

நிலவறைக்குப் போனால் அவர் இல்லை. மூட்டைக்குப் பின்னால் தூசியில் வட்டமாக ஒரு சுத்தமான இடம், பாட்டில் நின்ற தடம். "ஏனுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மழை பெய்கிறது என்றேன். மகன் மெலிந்துவிட்டான் என்றேன். தண்ணீர்க் குழாய்கூடச் சத்தம் போடவில்லை. கோபம் ஆறிப் போய்விட்டார். நான் கேட்டது அதைத்தானே? ஆனால் பதிமூன்று வருஷம் செத்தவரோடு இருந்த வீட்டில் எனக்குப் பயம் இருந்ததில்லை. இப்போது படி இறங்கப் பயமாக இருக்கிறது. அங்கே வெறும் உருளைக்கிழங்குதான் இருக்கிறது.

ஒரு மாசம் பொறுத்தேன். நேற்று ஆயுத பூஜை. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு இறங்கினேன். மீதி நாலு பாட்டில் படுத்திருந்தன. நாலும் நல்ல ஒயின். இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்கிறார் ரெனே. அதில் ஒன்றை எடுத்து, அந்த வட்டத் தடத்தின் மேலேயே நிமிர்த்தி வைத்துப் பொட்டு வைத்தேன்.

மேலே படிக்கட்டுத் தலையில் கைத்தடி தட்டும் சத்தம். "பாவாயி! என்ன, இவ்வளவு நேரம்?" ரெனே அவர் பாஷையில்தான் கேட்டார். எனக்கு அது புரிகிற அளவுக்கு வருஷம் ஆகிவிட்டது.

"கெழங்கு பொறுக்கறேனுங்க சம்பந்தி" என்று தமிழிலேயே கத்தினேன்.

பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. தக்கை இன்னும் காயவில்லை.